சேலத்தில் கப்பல் மாடலுக்கு ஏற்ற நூல், கயிறு: எதை வாங்குவது, எதை நாமே முறுக்குவது?

குகை_பாய்மரம் கேட்டது:

வணக்கங்க. 1817-ல பம்பாயில தேக்கு மரத்துல கட்டி இறக்கின டிரிங்கோமாலி ஃபிரிகேட்டை (பாய்மரப் போர்க்கப்பல்) முன்மாதிரியா வச்சு 1:64 அளவுல மாடல் செய்யறேன். உடல், தளம், பாய்மரம், பருமல் எல்லாம் முடிஞ்சு இப்ப கயிறு வேலைக்கு வந்தாச்சு. நடுப் பாய்மரம் தளத்துக்கிட்ட 10 மி.மீ. குறுக்களவு.

மாடலுக்குன்னே விக்கிற பருத்தி நூல் 0.25, 0.5, 1 மி.மீ. அளவுல கையில இருக்கு. ரெண்டு அடி தள்ளி நின்னாலும் பிசிறு தெரியுது. ஷ்ரௌட் (பாய்மரத்தைப் பக்கவாட்டுல பிடிக்கிற கயிறு) கட்டிப் பார்த்தா காலையில விறைப்பா நிக்கிறது மத்தியான வெயிலுக்குத் தொய்யுது. மாடல் முடிஞ்சதும் ஏற்காட்டுல ஒரு வீட்டு ஹாலுக்குப் போகப் போகுது. அங்க மூடுபனி, மழைன்னு ஈரம் இன்னும் அதிகம்.

எந்த இழை நல்லது? கோன்ல போட்டிருக்கிற நம்பரை வச்சு கனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஸ்டே (பாய்மரத்தை முன்பக்கமாப் பிடிக்கிறது), ஷ்ரௌட், லேன்யார்டு (ஷ்ரௌட்டை அடியில இறுக்குறது), ராட்லைன் (ஷ்ரௌட்ல ஏறப் படியாக் கட்டுறது) ஒவ்வொண்ணும் என்ன கனம் இருக்கணும்? தறியும் நூலுமா இருக்கிற நம்ம ஊர்லயே இதெல்லாம் கிடைச்சிடுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்மாபேட்டை_நூல்கோன்:

முதல்ல இழை எதுன்னு முடிவு பண்ணுங்க, அளவு அப்புறம். மாடல் கயிறுக்கு பாலியஸ்டர்தான்.

காரணம் ஈரம். காத்துல 65 சதவீத ஈரப்பதம் இருக்கிறப்ப பருத்தி தன் எடையில 7, 8 சதவீதம் தண்ணியை இழுத்து வச்சிருக்கும். பட்டு 11, விஸ்கோஸ் 13, நைலான் 4. பாலியஸ்டர் வெறும் 0.4. முறுக்கின பருத்தி ஈரத்துல ஊதும். ஊதினா கனம் கூடி நீளம் குறையும், காய்ஞ்சா திரும்ப நீளும். உங்க ஷ்ரௌட் காலையில விறைச்சு மத்தியானம் தொய்யறது இதனாலதான். மெழுகு தடவினாலும், பசை பூசினாலும் இது நிக்காது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

நைலான் பக்கமே போகாதீங்க. இழுத்துக் கட்டினா நாள்பட நீண்டுட்டே போகும், வெளிச்சத்துல மஞ்சளாகி வலுவும் போயிடும். எம்ப்ராய்டரி கடையில பளபளன்னு தொங்கற விஸ்கோஸும் வேண்டாம். 1:64-ல பளபளப்பு இருந்தாலே அது கயிறுங்கிற எண்ணம் போயிடும்.

பாலியஸ்டர்லயே மூணு வகை இருக்கு. தையல் கடையில சாதாரணமா கிடைக்கிறது ஸ்பன் பாலியஸ்டர்: குட்டை இழைகளைச் சேர்த்து நூற்றது, அதனால பிசிறு உண்டு. கோர் ஸ்பன்னுன்னா நடுவுல நீள இழை, மேல குட்டை இழை போர்த்தியிருக்கும். வலு அதிகம், பிசிறு குறைவு, பளபளப்பும் இல்லை. உங்களுக்கு வேண்டியது இதுதான். மூணாவது முழு நீள இழை, அதாவது ஃபிலமென்ட். பிசிறே இருக்காது, ஆனா மினுங்கும், முடிச்சும் வழுக்கும். கோட்ஸ் கம்பெனி நூல்ல எபிக்ங்கிறது கோர் ஸ்பன், அஸ்ட்ராங்கிறது ஸ்பன். டூயல் டியூட்டியும் கோர் ஸ்பன்தான், ஆனா மேல போர்த்தியிருக்கிறது பருத்தி, பிசிறு திரும்ப வந்துடும். கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார், லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க.

இப்ப நம்பர். தையல் நூல் லேபிள்ல டிக்கெட், டெக்ஸ்னு ரெண்டு எண் இருக்கும். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அது டெக்ஸ். 3000-ஐ டெக்ஸால வகுத்தா டிக்கெட் நம்பர் கிட்டத்தட்ட வரும். அதனால டிக்கெட் எண் கூடக் கூட நூல் மெல்லிசு. கோர் ஸ்பன் பாலியஸ்டருக்குத் தோராயக் கனம்:

டிக்கெட் 180: 0.15 மி.மீ.
டிக்கெட் 120: 0.2 மி.மீ.
டிக்கெட் 80: 0.24 மி.மீ.
டிக்கெட் 50: 0.3 மி.மீ.
டிக்கெட் 30: 0.4 மி.மீ.

நெசவு நூல் கடைக்குப் போனா கணக்கு வேற. பருத்தியில 590-ஐ நம்பரால வகுத்தா டெக்ஸ். 2/40-ன்னா நாற்பதாம் நம்பர் ரெண்டு இழை சேர்ந்தது, அதாவது இருபதாம் நம்பருக்குச் சமம், ஏறக்குறைய 30 டெக்ஸ். பட்டுக்கு டீனியர் சொல்வாங்க, அதை 9-ஆல வகுத்தா டெக்ஸ்.

லேபிள் எண்ணை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீங்க. 5 மி.மீ. டிரில் பிட்டோட வழவழப்பான தண்டுல நூலை நெருக்கமா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம 20 சுத்து சுத்தி, அந்த அகலத்தை ஸ்கேல்ல அளந்து 20-ஆல வகுங்க. இழுக்காம சுத்தணும். அழுத்தி இழுத்தா கனம் குறைவாத் தெரியும்.

லேபிள் இல்லாத கோன் கையில கிடைச்சா எரிச்சுப் பாருங்க. பருத்தியும் விஸ்கோஸும் காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பல் உதிரும். பட்டு முடி கருகின வாடை அடிக்கும், கரியை விரல்ல நசுக்கினா பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகி கட்டியாகும், அங்கதான் குழப்பம் வரும். அதைப் பிரிக்க உப்புத் தண்ணி போதும். 100 மி.லி. தண்ணியில 36 கிராம் உப்பு, இனி கரையாதுங்கிற அளவுக்கு. நூல் துண்டை முடிச்சுப் போட்டு ஒரு நிமிஷம் கொதிநீர்ல போட்டு உள்ள இருக்கிற காத்தை வெளியேத்திட்டு, ஆறின உப்புத் தண்ணியில விடுங்க. நைலான் மிதக்கும், பாலியஸ்டர் முழுகும். காத்துக் குமிழ் ஒட்டியிருந்தா பாலியஸ்டரும் மிதக்கும், அதனால கொதிக்க வைக்கிறதை விட்டுடாதீங்க.

எங்க கிடைக்கும்னா, டிக்கெட் 120 எல்லா தையல் சாமான் கடையிலயும் உண்டு. 180, 80 கடைவீதி, செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகள்ல கேளுங்க. 50, 30 சட்டைக்குத் தைக்கிற நூல் இல்லை. பை, சோபா, ஜீன்ஸ் தைக்கிறவங்களுக்குச் சாமான் கொடுக்கிற கடையில இருக்கும். அம்மாபேட்டை, குகை நெசவு நூல் கடைகள்ல பருத்தி, பட்டு, ஜரிகைதான், தையல் பாலியஸ்டர் தேடாதீங்க. ஆனா அங்க ஜக்கார்டு பெட்டிக்கு (தறியில டிசைன் போடுற கருவி) கீழ கட்டுற ஹார்னஸ் கயிறு கிடைக்கும். நீளாத, இறுக்கமான முறுக்கு. கனமான வேலைக்கு நல்லா இருக்கும். நைலான்லயும் வரும், மேல சொன்ன சோதனையைப் பண்ணிட்டு வாங்குங்க.

எந்த நிறமா இருந்தாலும் முழு மாடலுக்கும் தேவையான கோன்களை ஒரே லாட் எண்ல ஒரே தடவையா வாங்கிடுங்க. அடுத்த லாட் பழுப்பு ஒருபோதும் இந்த லாட் பழுப்போட ஒத்துப்போகாது.

முப்புரி:

இழை பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. கனமும் முறுக்கும் பற்றிச் சொல்கிறேன்.

அந்தக் காலப் பிரிட்டிஷ் கப்பல்களில் கயிற்றின் அளவு சுற்றளவில், அங்குலத்தில் சொல்லப்பட்டது. 12 அங்குலக் கயிறு என்று படித்தால் அது குறுக்களவு அல்ல, 3.14-ஆல் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் மூன்று மடங்கு தடித்த கயிறு கட்டிய மாடல்கள் நிறைய உண்டு.

நடுப் பாய்மரத்தின் பெரிய ஸ்டேயின் சுற்றளவு, பாய்மரக் குறுக்களவில் பாதி. அதை மாடலிலேயே நேரடியாகப் போட்டால் பாய்மரக் குறுக்களவு × 0.16 = ஸ்டேயின் குறுக்களவு. உங்களுக்கு 1.6 மி.மீ. ஷ்ரௌட் ஸ்டேயில் 0.6 பங்கு, அதாவது 0.96 மி.மீ. டெட்ஐகளுக்கு (ஷ்ரௌட்டின் அடியில் உள்ள துளையிட்ட மரக் கட்டைகள்) இடையே ஓடும் லேன்யார்டு ஷ்ரௌட்டில் பாதி, 0.48 மி.மீ. ராட்லைன் உண்மைக் கப்பலில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலச் சுற்றளவு, 1:64-ல் 0.19 மி.மீ. வரும். அதற்கு டிக்கெட் 120 ஒற்றை நூல் போதும்.

மற்றவற்றை முறுக்கித்தான் ஆக வேண்டும். ஒற்றைத் தையல் நூல் 0.4 மி.மீ.க்கு மேல் போனால் நூலாகவே தெரியும். மூன்று புரி தெரிந்தால்தான் கண் அதைக் கயிறாக ஏற்கும்.

முறுக்குத் திசைதான் பலர் தடுமாறும் இடம். நூலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாருங்கள். சரிவுகள் கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறினால் வலமுறுக்கு. நூல் கடை ஆட்கள் இசட் முறுக்கு என்பார்கள். எதிர்த்திசையில் ஏறினால் இடமுறுக்கு, எஸ். தையல் நூல்கள் பெரும்பாலும் வலமுறுக்கு. கப்பலின் சாதாரண மூன்று புரிக் கயிறும் வலமுறுக்கே. நங்கூர வடம், பெரிய ஸ்டே போன்றவை கேபிள் முறுக்கு: மூன்று வலமுறுக்குக் கயிறுகளைச் சேர்த்து இடமாக முறுக்கியவை.

மூன்று தையல் நூல்களை நேராக எடுத்து வலமுறுக்குக் கயிறாக்க முயன்றால், ஒவ்வொரு நூலையும் முதலில் இடமாகச் சுற்ற வேண்டி வரும். அது நூலில் ஏற்கனவே இருக்கும் வலமுறுக்கைப் பிரித்துவிடும். நூல் வாய் திறக்கும், பிசிறு கிளம்பும், கயிறு பஞ்சாக நிற்கும். அதே மூன்று நூல்களை இன்னும் வலமாக இறுக்கிச் சேர்த்தால் வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் கயிறு இடமுறுக்காக வரும். ஷ்ரௌட்டுக்கு அது தப்பு.

வழி, நடுவில் ஒரு படி சேர்ப்பதுதான். இரண்டு நூல்களை வலமாக இறுக்கி இடமாகச் சேர்த்தால் இடமுறுக்குப் புரி கிடைக்கும். அப்படி மூன்று புரிகளை இடமாக இறுக்கி வலமாகச் சேர்த்தால் ஆறு இழை வலமுறுக்குக் கயிறு. அப்படி மூன்று கயிறுகளை வலமாக இறுக்கி இடமாகச் சேர்த்தால் பதினெட்டு இழை கேபிள். ஒவ்வொரு படியிலும் திசை மாறுவதால் முறுக்குகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். எந்த நூலும் பிரியாது.

கனத்துக்கு ஒரு கணக்கு: நூலின் கனம் × 1.25 × மொத்த இழை எண்ணிக்கையின் வர்க்கமூலம். டிக்கெட் 50 நூலில் ஆறு இழை போட்டால் 0.3 × 1.25 × 2.45 = 0.92 மி.மீ. உங்கள் ஷ்ரௌட். அதே நூலில் பதினெட்டு இழை 1.59 மி.மீ., அதுவே ஸ்டே. டிக்கெட் 180-ல் ஆறு இழை 0.46 மி.மீ., லேன்யார்டு. ஆக 50, 120, 180 என்று மூன்று கோன் வாங்கினால் ஸ்டே, ஷ்ரௌட் போன்ற அசையாத நிலைக்கயிறுகளில் பெரும்பகுதி முடிந்துவிடும். முறுக்கு எவ்வளவு இறுக்கமோ அதைப் பொறுத்து 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அரை மீட்டர் முறுக்கி அளந்துவிட்டு மீதியை ஓட்டுங்கள்.

கருவிக்கு வேண்டியது: ஒரு முனையில் ஒரே வேகத்தில் ஒரே திசையில் சுழலும் மூன்று கொக்கிகள், நடுவில் ஒரு பெரிய பல்சக்கரம் மூன்று சிறிய பல்சக்கரங்களை ஓட்டினால் போதும். மறுமுனையில் தண்டவாளத்தில் நகரும் வண்டி, அதில் பேரிங்கில் தடையின்றிச் சுழலும் ஒற்றைக் கொக்கி. வண்டியைப் பின்னால் இழுக்கக் கப்பி வழியாகத் தொங்கும் எடை. மூன்று புரிகளுக்கு இடையே 120 பாகை இடைவெளியில் மூன்று பள்ளம் வெட்டிய மரக் கூம்பு. பள்ளங்களைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஒரு பள்ளம் கரடாக இருந்தாலும் அந்தப் புரி பின்தங்கும். இரண்டு நூல் சேர்க்கும் முதல் படிக்கு மூன்று கொக்கிகளில் இரண்டைப் பயன்படுத்தலாம்.

ஓட்டும் முறை: புரிகளை ஒரே நீளத்தில், ஒரே விறைப்பில் மாட்டுங்கள். கூம்பை வண்டிக்கு ஒட்டி வைத்து, வண்டிக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு மூன்று கொக்கிகளைச் சுழற்றுங்கள். புரிகள் இறுகி நீளம் குறையும். வண்டி முன்னால் வரும். தொடக்க நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வந்ததும் வண்டிக் கொக்கியை விடுங்கள். கூம்புக்குப் பின்னால் கயிறு தானாகச் சேரத் தொடங்கிக் கூம்பை முன்னோக்கித் தள்ளும். கூம்பை விரலால் லேசாகத் தடுத்து மெதுவாக நகர விடுங்கள். வேகமாகப் போனால் முறுக்கு நீண்டு தளர்ந்து வரும்.

ஆறு இழை டிக்கெட் 50-க்கு எடை 250 முதல் 300 கிராம். குறைந்தால் புரிகள் தம்மேலேயே சுருண்டு முடிச்சாகும்; அதிகமானால் கயிறு சரியாகச் சேராமல் நூல் கற்றையாக நிற்கும். ஒரு புரி மட்டும் மற்ற இரண்டின் மேல் திருகாணியாக ஏறி ஓடினால் எடையை மாற்றாதீர்கள். அந்தப் புரி மற்றவற்றைவிடத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றி நீளத்தைச் சமன் செய்யுங்கள்.

நீளக் கணக்கு முக்கியம். ஆறு இழைக் கயிற்றில் 30 சதவீதம் போகும், 1 மீட்டருக்கு 1.5 மீட்டரில் தொடங்குங்கள். கேபிளில் ஏறக்குறைய 40 சதவீதம் போகும், 1.8 மீட்டர் வேண்டும்.

முடிந்ததும் இரு முனையிலும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதும் வெட்டினால் பிரியும், ஏனென்றால் முறுக்கு இன்னும் படியவில்லை. கயிற்றை ஸ்டீல் சட்டத்தில் விறைப்பாகச் சுற்றி, இட்லிப் பானை ஆவியில் இருபது நிமிடம் வைத்து, சட்டத்திலேயே ஆறவிடுங்கள். பாலியஸ்டர் 70, 80 பாகைக்கு மேல் இளகி, ஆறும்போது அந்த வடிவத்தில் நின்றுவிடும். முறுக்கு ஆலைகளிலும் நூலை ஆவியில்தான் செட் செய்கிறார்கள்.

குகை_பாய்மரம்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். 50, 120, 180 மூணையும் எழுதி வச்சுக்கிட்டேன். நிறம் பத்திக் கேக்கணும். நிலைக்கயிறு தார் பூசினது, கறுப்பு நூலே வாங்கிடலாமா? ஓடுகயிறுக்கு (பாயை இயக்க இழுக்கிற கயிறு) பழுப்பு நூல் கிடைக்கலைன்னா வெள்ளை வாங்கி சாயம் போடலாமா? பசையும் மெழுகும் எது, எங்க? அப்புறம் பிளாக் (கப்பி), டெட்ஐ இதையெல்லாம் நெருக்கமாச் சுத்திக் கட்டுற சீசிங்குக்கு 0.15 மி.மீ. தடிமனாத் தெரியுமே.

சேர்வராயன்_மூடுபனி:

ஏற்காட்டு ஹாலுக்குப் போகும் மாடல் என்பதால் ஈரத்தை மனதில் வைத்தே சொல்கிறேன்.

தனிக் கறுப்பு வேண்டாம். அந்தக் காலக் கப்பல் தார் பைன் மரத்திலிருந்து வடித்தது, அடர் பழுப்பு. சிறிய அளவில் தனிக் கறுப்பு வெட்டிய கோடு போலத் தெரியும். புரிகளின் நிழல் மறைந்துவிடும், நீங்கள் முறுக்கிய உழைப்பே கண்ணுக்குத் தெரியாது. கறுப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் காப்பிக்கொட்டைப் பழுப்பை எடுங்கள். கறுப்பும் பழுப்பும் கலக்க விரும்பினால் ஒவ்வொரு புரியிலும் ஒரு கறுப்பு, ஒரு பழுப்பு என்று வைக்க வேண்டும். ஒரு புரி முழுக் கறுப்பு, மற்ற இரண்டு பழுப்பு என்று வைத்தால் கயிறு முழுவதும் வரிவரியாக ஓடும்.

பாலியஸ்டரை வீட்டில் அடர் நிறத்தில் சாயம் போடுவது கடினம். அதற்கான டிஸ்பர்ஸ் சாயம் நன்றாக ஏற 130 பாகை வெப்பமும் அழுத்தக் கலனும் வேண்டும். நிற அட்டையைப் பார்த்து நிறமிட்ட கோனாகவே வாங்குங்கள். வைக்கோல், காக்கி, மங்கிய பழுப்பு எல்லாம் சீருடை தைப்பவர்களுக்காகக் கடையில் இருக்கும் நிறங்கள்.

எங்காவது பருத்தி பயன்படுத்தினால் இரண்டு சாயங்களைத் தவிருங்கள். ஒன்று, மலிவான சல்ஃபர் கறுப்பு. ஈரக் காற்றில் நாளடைவில் கந்தக அமிலம் உருவாகி இழையைத் தின்னும். சில ஆண்டுகளில் தொட்டாலே அறும். இரண்டு, கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு. பார்க்க அழகு, ஆனால் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து பருத்தியையும் பட்டையும் மட்கச் செய்யும். தேயிலைச் சாயமும் அமிலத்தன்மை உள்ளது. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போட்டு, சோப்பு நீரில் கொதிக்கவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

தேன்மெழுகு பற்றி இரண்டு கருத்து உண்டு. கோர் ஸ்பன் பாலியஸ்டருக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். மெழுகு தூசியைப் பிடிக்கும், மெழுகிட்ட இடத்தில் வெள்ளைப் பசை பற்றாது. ஊசியில் கோத்து பிளாக்கின் சிறு துளை வழியே இழுக்கும் முனைக்கு மட்டும் ஒரு சென்டிமீட்டர் தடவினால் போதும்.

முடிச்சுக்கு வெள்ளைப் பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. நுனி நுண்ணிய தூரிகையில் தொட்டு வைத்து, மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் தெரியாது. உடனடிப் பசை நூலைக் கறுக்கச் செய்து கண்ணாடி போல விறைக்கவும் வைக்கும். பின்னால் அதை வளைத்தால் உடையும். கயிற்றை வெட்டும் முனையில் மட்டும் ஒரு புள்ளி வைக்கலாம். பின்னால் கழற்ற வேண்டி வரக்கூடிய முடிச்சுகளுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு (ஷெல்லாக்) நல்லது. மறுபடி ஸ்பிரிட் தொட்டால் இளகும்.

பாலியஸ்டருக்கு ஒரு குறை உண்டு. அது தன் வடிவத்துக்கே திரும்பும். ஓடுகயிறுகளைக் கட்டி முடித்து மரமுளைகளில் தொங்கவிடும் வளையங்கள் இயல்பாகத் தொங்காமல் காற்றில் விரிந்து நிற்கும். அவற்றைத் தனியாக அதே நிற மெர்சரைஸ்டு பருத்தியில் செய்து மாட்டிவிடுங்கள். பாரம் தாங்காத வளையத்தில் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் ஆகாது. தெர்மோகோலில் குண்டூசி குத்தி, அதில் வளையத்தைச் சுற்றி, நீர்த்த பசை தொட்டு, காய்ந்ததும் எடுத்து மாட்டலாம்.

மாடல் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதாக இருந்தால் அடிப்பலகையில் இரண்டு சிறு துளைகள் விடுங்கள். முழுதாக அடைத்தால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

அம்மாபேட்டை_நூல்கோன்:

வளையத்துக்குப் பருத்தின்னு சொன்னதுல ஒரு சின்ன மாற்றம். நிறம் ஒத்துப்போக வைக்கிறது பெரும்பாடு. ரெண்டு அடி தூரத்துல பருத்திப் பழுப்பும் பாலியஸ்டர் பழுப்பும் வேற வேறதான். அதே பாலியஸ்டர் கயிறை வளையமாச் சுத்தி, குண்டூசியில பிடிச்சு, முப்புரி சொன்ன மாதிரி இட்லிப் பானை ஆவி காட்டி ஆறவிட்டா அந்த வடிவத்துல நின்னுடும். தெர்மோகோல் ஆவிக்குத் தாங்காது, கார்க் அல்லது மரப்பலகை வைங்க.

சீசிங்குக்கு நம்ம ஊர்லயே அருமையான சாமான் இருக்கு. பட்டு முறுக்குற இடத்துல 20/22 டீனியர் கோராப் பட்டை (வேகவைக்காத கச்சாப் பட்டு) மூணு இழை சேர்த்து முறுக்கினது கேளுங்க. மொத்தம் 63 டீனியர், 7 டெக்ஸ், கனம் 0.1 மி.மீ. பக்கம். ரெண்டு இழை போதும்னா 0.09 மி.மீ.க்குள்ள வரும். பட்டு ஈரம் இழுக்குமேன்னு யோசிக்காதீங்க. சீசிங் அரை சென்டிமீட்டர் நீளத்துக்கு உள்ளதான், நீண்டு குறையறது கண்ணுக்குத் தெரியாது.

கோராவை அப்படியே பயன்படுத்துங்க, வேகவைக்க வேண்டாம். மேல இருக்கிற பசை இருந்தா நூல் விறைப்பா, சுத்து சுத்தா நெருங்கி உட்காரும். சோப்பு, சோடாவுல வேகவச்சா எடையில 20, 25 சதவீதம் பசையாப் போயிடும். நூல் மெத்துன்னு ஆகி, மினுமினுப்பும் வந்துடும். நிறம் வேணும்னா பட்டுக்கான ஆசிட் சாயத்தை ரொம்பச் சூடு ஏத்தாம மிதமான வெந்நீர்லயே போடுங்க. கொதிச்சா பசை கரையும், நிறமும் கொஞ்சம் மங்கலாத்தான் ஏறும், அடர் பழுப்பு வர நேரம் எடுக்கும். ஒரு கழி வாங்கினா இந்த மாடலுக்கு மேலயே மிஞ்சும், சில்லறையாக் கொடுப்பாங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க.

முப்புரி:

ராட்லைன் பற்றி ஒரு சிறு குறிப்பு. டிக்கெட் 120 சரி, ஆனால் அதை நிலைக்கயிற்றின் அதே பழுப்பில் வாங்குங்கள். படி இடைவெளி உண்மையில் 13 அங்குலம் என்று வைத்தால் 1:64-ல் 5.2 மி.மீ. தாளில் கோடு போட்டு ஷ்ரௌட்டுக்குப் பின்னால் ஒட்டி, கோட்டைப் பார்த்துக் கட்டுங்கள். நடு ஷ்ரௌட்களில் கிளவ் ஹிட்ச் (இரண்டு சுற்று முடிச்சு), இரு ஓரங்களில் சிறு கண்ணி செய்து சீசிங்.

கீழிருந்து வரிசையாகக் கட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு படியும் ஓர ஷ்ரௌட்களை மயிரிழை உள்ளே இழுக்கும். மேலே போகப் போக நடுவில் இடுப்பு விழுந்துவிடும். முதலில் ஐந்து படிக்கு ஒன்று மட்டும் கட்டி, இரு ஓரமும் நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிறகு இடையில் உள்ளவற்றை நிரப்புங்கள். முடிச்சை இறுக்கும்போது படி லேசாகக் கீழே தொய்ய வேண்டும், கம்பி போல நேராக நின்றால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். நீர்த்த பசையை முழு வரிசையும் சரிபார்த்த பின்பே தொடுங்கள். பாலியஸ்டர் முடிச்சு வழுக்கும் என்பதால் பசை தொடுவதற்கு முன் நுனியை வெட்டக் கூடாது. அரை சென்டிமீட்டர் விட்டுவைத்து, பசை காய்ந்த மறுநாள் நகவெட்டியால் ஒட்ட வெட்டுங்கள்.